அளவெடுக்க ஏறியவர்

எனக்கு ஓர் இடத்தில் அடங்கி இருக்க வராது. காலில் வண்டிச் சில்லுப் பூட்டிப் பிறந்தவள் என்று உம்மா சொல்வார். கல்யாண வீட்டில் சாப்பாடு வரும்வரை மற்றப் பெண்கள் பாயில் அமர்ந்து ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் அதற்குள் மூன்று தரம் எழும்பி அடுப்படிப் பக்கம் போய் வந்திருப்பேன். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தாலும் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு தரிப்பு முன்பே எழும்பி நிற்பேன். இதைக் குணம் என்றும் சொல்லலாம், நோய் என்றும் சொல்லலாம். எதுவென்றாலும் என்னோடு இருந்துவிட்டது.

அல்லாஹ் அதற்கேற்ற வேலையைத் தந்தான். நான் மருத்துவ மாது, ஊர் வாயில் ‘மிட்வைஃப் மிஸ்’. வீடு கல்முனையில், வேலை ஒலுவில் பக்கம். காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். பெரிய ரோட்டை விட்டு இறங்கியதும் கிறவல் பாதை, பிறகு மணல் ஒழுங்கை. கர்ப்பிணி இருக்கும் வீடு, பிள்ளை பெற்ற வீடு, நிறை ஏறாத குழந்தையின் வீடு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வாசலில் நிறுத்தி இறங்குவேன். பை தோளில், குழந்தை நிறுக்கும் தராசு கையில். பார்த்து முடிந்ததும் திரும்ப ஏறுவேன். ஸ்கூட்டரில் இருப்பதை விட அதில் ஏறுவதும் இறங்குவதும்தான் என் நாள்.

அந்த வீடுகளில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். அது சும்மா வந்த பெயரல்ல. பிள்ளை பெற்று எட்டு நாளான பெண்ணிடம், “எங்க நொம்பலம்?” என்று நோவைக் கேட்டால், அவள் நிலத்தைப் பார்ப்பாள். முந்தானைத் தலைப்பை விரலில் சுற்றுவாள். பக்கத்தில் நிற்கும் புருஷன் பதில் சொல்வான்: “நாரிதான் மிஸ் கொஞ்சம் உளையுதாம்.” நாரி என்பது எங்கள் பக்கத்தில் இடுப்பின் பின்பக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “தம்பி, நாரி ஒங்களுக்கா நோகுது? அவக்கு வாய் இல்லயா?” என்று கேட்டு அவனை வெளியே அனுப்பிவிடுவேன். பிறகு அந்தப் பெண்ணுக்கும் விழும். “நொம்பலத்துக்கு வெக்கம் இல்ல புள்ள. வாயத் திறந்து செல்லுங்க. நீங்க செல்லாட்டி ஆர் செல்லுற?” இந்த வசனத்தை நான் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அப்படிச் சொல்லித் திரிந்த எனக்கே நாரி நோகத் தொடங்கியது.

முதலில் மாலையில் மட்டும் ஒரு இறுக்கம். பிறகு காலையில் செருப்பைப் போடக் குனிந்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல. மெதுவாகப் போனால் சரியாகும் என்று நினைத்தேன். மெதுவாகப் போவது எனக்கு வந்தால்தானே. கல்முனையில் ஒரு டொக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் பிழையில்லை, தசைதான் பிடித்திருக்கிறது என்றார். எப்படிப் பயணம் செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். “மருந்து தாறன், ஆனா நீங்க ஓடுற பைக்கையும் கொஞ்சம் பாருங்க” என்றார். மருந்தை எடுத்தேன், மற்றதைக் காதில் போடவில்லை.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். சமைத்தேன், துவைத்தேன், சிரித்தேன். ஒன்றை மட்டும் மறைக்க முடியவில்லை, அது தொழுகை. நின்று ஓதலாம். குனிந்து ருகூஃ செய்யும்போது பல்லைக் கடிக்கலாம். நெற்றியை நிலத்தில் வைத்தபிறகு எழும்பத்தான் முடியவில்லை. ஒருநாள் சுஜூதில் போனவள் கட்டில் காலைப் பிடித்துத்தான் எழும்பினேன். அன்றைக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு, முன் அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து, அதில் இருந்து தொழுதேன். தொழுது முடிந்ததும் அதை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். தொழுவதற்காக ஒரு கதிரையை ஒளித்துவைத்த ஆள் எங்கள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு என் பெயரில் உம்மா தந்தது. உம்மா பின்பக்க அறையில் இருக்கிறார். அவர் கதவு தட்டும் பழக்கம் இல்லாதவர். ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், அலுமாரியில் ஏதோ எடுக்க வந்தார். நான் கதிரையில் இருந்து தலையை மட்டும் குனிந்துகொண்டிருந்தேன்.  அந்த வயதிலும் அவர் முழங்காலை மடித்து நிலத்தில்தான் தொழுகிறார். உம்மா கதவைத் திரும்ப மெல்லச் சாத்தினார். அவர் எதையும் மெல்லச் சாத்தினால் எனக்குப் பயம்.

என் கணவர் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. ஆளும் நெடுப்பம், பொறுமையும் நெடுப்பம். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு வந்ததும் உம்மா மருமகனிடம் சொல்லிவிட்டார்.

“மகன், இவ கதிரையில இரிந்து தொழுறா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பை கழுவினேன். ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

“எத்தின நாளா?” என்றார்.

“கொஞ்ச நாளாத்தான் மச்சான்.”

விசயம் அதோடு நிற்கவில்லை. வேலையிடத்தில் எங்களை மேற்பார்வை செய்யும் சிஸ்டரும் நான் படியேறுவதைப் பார்த்து ஏற்கெனவே என் நோவைக் கண்டுபிடித்திருந்தார். கிளினிக்கில் பதிவுப் புத்தகம் எழுதும் இடம் ஒன்று வெறுமையாக இருந்தது. மேசை, மின்விசிறி, கதிரை. “ஒங்களுக்கு அது லேசான வேல, யோசிச்சுச் சொல்லுங்கோ” என்று நல்ல மனதோடுதான் கேட்டிருந்தார். அதையும் கணவரிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் ஓர் இரவு யோசித்துவிட்டு, காலையில் தேநீர் குடிக்கும்போது முடிவைச் சொன்னார்.

“நோன்பு வாறத்துக்குள்ள நாரி சரி வந்தா ஓடு. வராட்டி அந்தக் கதிரைய எடு புள்ள. பைக்க வித்திருவம்.”

நோன்புக்கு இருந்தது ஏழு கிழமை, ஏழே வாரம்.  அந்த மேசைக்குப் பின்னால் காலை எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை நான் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். வாசலில் வரிசையில் நிற்கும் பெண்கள். அவர்களுடைய வீட்டை நான் இனிப் பார்க்க மாட்டேன். அடுப்படி எப்படி, கிணறு எவ்வளவு தூரம், வாளி யார் தூக்குகிறார்கள், ஒன்றும் தெரியாது. அவர்கள் சொல்வதை எழுதுவேன். அவர்கள்தான் வாயே திறப்பதில்லையே. எனக்கு அழுகை வந்தது. அது கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டும்தான்.

அப்போதுதான் டொக்டர் சொன்ன மற்றது நினைவுக்கு வந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் உடனே தலையாட்டினார். தன்னால் செய்யக்கூடிய ஒரு வேலை கிடைத்ததில் அவருக்குச் சந்தோசம். அந்தச் சனிக்கிழமையே என்னையும் ஏற்றிக்கொண்டு சீட் அடிக்கும் கடைக்குப் போனார்.

கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடை. த்ரீவீலர் சீட்டுகளும் பஸ் சீட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக. உருட்டி நிறுத்திய ரெக்சின். ஸ்பொன்ஜ் தூள் தரையெல்லாம். கடைக்காரர் ஐம்பது தாண்டிய மனிதர், பார்வையில் மரியாதை உள்ளவர். காதில் ஒரு சோக்குத் துண்டு செருகியிருந்தார். கம்பியும் முறுக்குவார் என்பதால் ஹேண்டில் வேலையும் அவரிடமே.

“ஆருக்குத் தம்பி இந்த சீட்?”

“எங்கட வீட்டில காக்கா. நாரி நோவு. தினம் ஒலுவிலுக்கு ஓடுற.” கணவர் பெருவிரலால் தோளுக்குப் பின்னால் என்னைக் காட்டினார். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

கடைக்காரர் என் பக்கம் ஒரு கணம் திரும்பி உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். “ஓம் ஓம், இப்ப கனபேர் வாறாங்க. சரி தம்பி, நீங்க ஏறி இரிங்க. அளவப் பாப்பம்.”

கணவர் ஏறி இருந்தார்.

நம்பமாட்டீர்கள். நான் ஹெல்மட்டும் கையுமாக மூன்றடி தூரத்தில் நிற்கிறேன். ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த மனிதர் என் ஸ்கூட்டரில் ஏறி இருக்கிறார். கடைக்காரர் அவருடைய முழங்காலை அளக்கிறார். “நிமிந்து இரிங்க. கைய நீட்டுங்க. தோள் இழுக்குதா?” “கொஞ்சம் இழுக்குது காக்கா.” “அப்ப ஹேண்டில ரெண்டு விரல் தூக்குவம்.” அவர் இருந்த இடத்தைச் சுற்றி சோக்கால் கோடு. முழங்கால் மடிந்திருக்கிறது என்று ஸ்பொன்ஜ் உயர்த்த முடிவு. வேறொரு ஆண் என் இடுப்பையும் காலையும் அளப்பதாவது! அது யாருக்கும் நினைவிலேயே வரவில்லை. புருஷன் இருக்கிறார், அவரை அளந்தால் போதும். அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. மூன்றாவது ஆள் நான். கர்ப்பிணிகளின் வயிற்றை நாடாவால் அளந்து எழுதுவதே தொழிலான நான்.

ஒரே ஒரு தரம் வாய் திறந்தேன். “கறுப்பு ரெக்சின் வேணா, வெயில்ல சுடும். மண்ணிறம் போடச் செல்லுங்க” என்றேன். அதையும் கடைக்காரரிடம் சொல்லவில்லை, கணவரிடம்தான் சொன்னேன். அவர் அதைக் கடைக்காரரிடம் சொன்னார்.

இரண்டு மணித்தியாலம் கணவர் அங்கேயே நின்று, ஒவ்வொரு ஆணியையும் பார்த்து, சீட்டை அடிப்பித்து முடித்தார். வீட்டுக்கு அவரே ஓட்டிவந்தார். “சும்மா மெத்த மாதிரி இரிக்கி” என்றார். அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

திங்கள் காலை நான் ஏறினேன். காலை ஊன்றப் பார்த்தால் பெருவிரல் மட்டும் நிலத்தில் தொட்டது. சீட் மெத்தென்று உள்ளே இழுத்தது, அவர் அமர்ந்த பள்ளம் என் இடுப்புக்கு எங்கோ பின்னால் கிடந்தது. எட்டிப் பிடித்தால் கை தோள் உயரத்துக்கு வந்தது. காரைதீவு போவதற்குள் கழுத்து விறைத்தது. நிந்தவூருக்குள் நாரி பழைய பாட்டைத் தொடங்கியது. இப்போது தோளும் சேர்ந்து பாடியது.

மாலையில் கணவர் வாசலிலேயே கேட்டார். “எப்பிடி?”

“நல்லா இரிக்கி மச்சான்.”

ஒவ்வொரு மாலையும் கேட்டார். ஒவ்வொரு மாலையும் நல்லா இருக்கிறது என்றேன். எனக்காக வெயிலில் இரண்டு மணித்தியாலம் நின்ற மனிதரிடம் வேறு என்ன சொல்ல? இன்னொன்றும் இருந்தது. நன்றாக இல்லை என்று சொன்னால் அடுத்த வார்த்தை கதிரை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன், இறங்கினேன், ஏறினேன். பெண்களுக்கு வழக்கத்தை விடக் கூட ஏசினேன். ஒரு வீட்டில் ஒரு கிழவி, “இண்டைக்கு மிஸ்ஸுக்கு வீட்டில சண்ட போல” என்று என் காதுபடவே சொன்னார்.

மூன்றாம் கிழமை விழுந்தேன்.

ஒலுவில் துறைமுகத்துக்குப் போகும் பக்கத்தில், கடல் காற்று மணலைக் கொண்டுவந்து குவிக்கும் ஓர் ஒழுங்கை. பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளான பெண்ணின் வீடு. புருஷன் படகில் போயிருந்தான், அவளுடைய உம்மா சந்தைக்கு. வாசலில் பிரேக்கைப் பிடித்து இடது காலை இறக்கினேன். கால் நிலத்தைத் தேடியது. நிலம் இல்லை. ஸ்கூட்டர் அவசரமே இல்லாமல் சரிந்தது. தராசு ஒரு பக்கம், பை ஒரு பக்கம், நான் வேலியோரம். அடி பெரிதில்லை. ஆனால் ஸ்கூட்டர் என் அபாயாவின் மேல் கிடந்தது, எழும்பப் பார்த்தால் நாரி விடவில்லை.

அந்தப் பெண் பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பாரம் தூக்காதே, வாளி கூடத் தூக்காதே என்று நான் நாலு நாளைக்கு முன் விரலை நீட்டி எச்சரித்த பெண். இரண்டு கையாலும் ஸ்கூட்டரைப் பிடித்து ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டாள்.

“விடுகா! தூக்காத!” என்று நிலத்தில் கிடந்தபடியே கத்தினேன்.

“நீங்க பேசாம இரிங்க மிஸ்” என்றாள் அவள். என்னைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே ஒரு கதிரையில் இருத்தினாள். இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்றைக் கையில் தந்தாள். பிறகு எனக்கு முன்னால் குந்தியிருந்து, என் குரலிலேயே கேட்டாள். “எங்க நொம்பலம்? வெக்கப்படாம செல்லுங்க.”

“ஒண்டுமில்ல புள்ள” என்றேன்.

அவளைப் படுக்கவைத்துச் சோதித்தேன். இரத்தப்போக்கு ஏதும் இல்லை, வயிறு இளகியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் திரும்ப ஒரு தரம் சோதித்தேன். என்னால் ஒரு பச்சை உடம்புக்காரி பாரம் தூக்கிவிட்டாள். ஏதாவது ஆகியிருந்தால்? அந்த ஆத்திரம் முதலில் சீட்டின் மேல் போனது, பிறகு கடைக்காரர் மேல், பிறகு கணவர் மேல். கடைசியில் போக வேண்டிய இடத்துக்குப் போனது. அன்று மிச்ச வீடுகளை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு நேரே கல்முனைக்குத் திரும்பினேன். வீட்டுக்குப் போகவில்லை.

சீட் கடைக்காரர் என்னையும் பார்த்தார், எனக்குப் பின்னால் வெறுமையாக இருந்த ரோட்டையும் பார்த்தார்.

“தம்பி வரல்லயா தங்கச்சி?”

“இல்ல காக்கா. நான்தான் வந்தன். சீட் சரியில்ல.”

“அப்பிடியா? தம்பி நல்லா இரிக்கி எண்டாரே. சரி, அவர ஒருக்கா அனுப்புங்களன். திரும்ப ஏத்தி அளவு பாப்பம்.”

அவ்வளவுதான். மூன்று கிழமை அடக்கிவைத்தது எல்லாம் வந்தது. “காக்கா, அவருக்கு நாரி நோகல்ல! எனக்குத்தான் நோகுது! பைக் ஓடுறதும் நான், விழுந்ததும் நான். அவர ஏத்தி அளந்து எனக்கு என்ன வரப்போகுது?”

எதிர்க்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் காதில் இருந்த சோக்கைக் கையில் எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அவர் கெட்டவரில்லை. அவருடைய முகத்தில் அப்போதுதான் ஏதோ விளங்கியது போல் தெரிந்தது. ஆனால் விளங்கி என்ன செய்ய? என்னை ஏற்றி அளக்க அவராலும் முடியாது, ஏறி இருக்க என்னாலும் முடியாது. இரண்டு பேரும் ஸ்கூட்டரைப் பார்த்தோம்.

பிறகு அவர் உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். “இஞ்ச, ஒருக்கா வா.”

கடைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. அவருடைய மனைவி வந்தார். தோளில் நூல் துண்டுகள், கையில் பெரிய கத்தரிக்கோல். கடையில் வெட்டுவதும் அடிப்பதும் அவர், ரெக்சின் தைப்பது முழுக்க இவராம். இத்தனை வருடமும் எத்தனையோ பேர் இவருடைய தையலில் அமர்ந்து போயிருக்கிறார்கள். இவர் ஒருவரையும் பார்த்ததில்லை. நான் விசயத்தைச் சொல்லி முடிக்க முன்பே இவர் ஸ்கூட்டரின் ஹேண்டிலைப் பிடித்துவிட்டார்.

“உள்ளுக்குத் தள்ளுங்க தங்கச்சி.”

பக்கத்துக் கேற்றால் வீட்டு வளவுக்குள் தள்ளினோம். மூத்த பெண்ணை நாங்கள் ராத்தா என்போம். ராத்தா கேற்றைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். “இப்ப ஏறுங்க. ஒங்கட பாட்டில ஏறுங்க.”

ஏறினேன். இறங்கச் சொன்னார். திரும்ப ஏறச் சொன்னார். பத்துத் தரமாவது ஏறி இறங்கியிருப்பேன். பையோடு ஒரு தரம், பையில்லாமல் ஒரு தரம், தராசோடு ஒரு தரம். அவர் இடுப்பில் கை வைத்து, பக்கத்தில் நின்று, பின்னால் நின்று பார்த்தார். என் நாரியில் கையை வைத்து அமத்தி, “இதிலயா?” என்று கேட்டார். “ஓம் ராத்தா, அதில. கொஞ்சம் கீழ.” நோகிற இடத்தை டொக்டரைத் தவிர வேறு ஒருவரிடம் நான் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தரம். வெளியே வந்ததும் லேசாக இருந்தது.

“இது ஆறுதலா இரிந்து போற ஆளுக்கு அடிச்ச சீட்” என்றார் ராத்தா. “நீங்க இரிக்கிற ஆளில்லயே. ஏறின ஒடன எழும்பப் பாக்கிற ஆள். ஒங்களுக்கு எழும்பத்தான் சீட் வேணும்.”

பிறகு வளவிலிருந்து சுவருக்கு மேலால் கடைக்குக் கத்தத் தொடங்கினார். “முன்பக்கம் ரெண்டு சைட்டும் மூணு விரல் ஒடுக்குங்க! கால் நேர கீழ எறங்கணும்!” சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கடைக்காரரின் குரல்: “சரி.” “ஒசரம் நாலு விரல் கொறைங்க! அடியில கட்டி ஸ்பொன்ஜ், மேல மட்டும் மெல்லிசா மெத்து!” “சரி.” “அந்த ஹேண்டிலத் தூக்கக் குடுத்த இரும்பக் கழட்டி எறியுங்க!” இதற்குக் கொஞ்சம் பிந்தித்தான் சரி வந்தது. பிரேக் பிடிகளைக் கீழே திருப்பச் சொன்னார், மணிக்கட்டு மடியாமல் விரல் நேரே போய்ப் பிடிக்க. ஹேண்டிலைக் கொஞ்சம் என் பக்கம் இழுக்கச் சொன்னார். கடைசியில் என் பையைத் தூக்கிப் பார்த்து, “இத என்னத்துக்குத் தோளில போட்டிட்டு ஓடுறீங்க? கால் வைக்கிற இடத்தில கொளுவுங்க” என்று எனக்கும் ஒரு ஏச்சுத் தந்தார். ஏச்சு வாங்கும் பக்கத்தில் நிற்பது எனக்குப் புதிது.

வேலை முடியும்வரை இருக்கச் சொல்லி ஒரு பழைய பஸ் சீட்டைக் காட்டினார். நான் இருக்கவில்லை. வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ராத்தா தைத்துக்கொண்டே சிரித்தார்.

மண்ணிற ரெக்சின் அதேதான். அதையே வெட்டித் தைத்ததால் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கணவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் அன்றும் வாசலில், “சொகுசா இரிக்கா?” என்று கேட்டபோது, “ஓம் மச்சான்” என்பது முதல் தடவையாக உண்மையாக இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

நாரி ஒரே நாளில் சரியாகவில்லை. முதல் நாள் இரண்டு உள்ளங்காலும் மணலில் பதிந்து நின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கிழமையில் கழுத்து விட்டது. இரண்டாம் கிழமையில் செருப்புக்குக் குனிய முடிந்தது. நாலு நாளைக்கு நல்லது, ஒரு நாளைக்கு மோசம் என்று போனது. மோசமான நாளில் நான் கதிரையை நினைத்துக்கொண்டு பைத்தியம் போல வீடு முழுக்க நடந்தேன். ஒரு நடுப்பகல், லுஹர் தொழுகை நேரம், கதவைச் சாத்திக்கொண்டு முசல்லா விரிப்பில் நின்றேன். நெற்றியை நிலத்தில் வைத்தேன். எழும்ப வேண்டிய நேரத்தில் பயம் வந்தது. ஏற்றமும் இறக்கமும்தானே என் வேலை என்று நினைத்துக்கொண்டு எழும்பினேன். கட்டில் காலைப் பிடிக்கவில்லை. அழுதேன், வாய்விட்டே அழுதேன்.

மறுநாள் அலுமாரிக்குப் பின்னால் கதிரையைக் காணவில்லை. உம்மா அதை அடுப்படியில் போட்டு, அதில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். 

சிஸ்டர் நோன்புக்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் கேட்டார். நான் ஓடுகிறேன் என்றேன். “வடிவா யோசிச்சிட்டியளா? அந்த இடத்த வேற ஆளுக்குக் குடுத்திருவன்” என்றார். “குடுங்க சிஸ்டர்” என்றேன். இன்னும் கணவரிடம் கேட்கவில்லை. நான் நிலத்தில் தொழுவதை உம்மா அவரிடம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நோன்புக்குப் பிறை பார்க்கும் நாள். அஸர் தொழுதுவிட்டுக் கணவர் பேரீச்சம்பழம் வாங்கி வரப் புறப்பட்டார். ஸ்கூட்டரின் திறப்பை, அதன் சாவியை, ஆணியிலிருந்து எடுத்தார்.  நான் தடுக்க ஒரு காரணம் யோசிப்பதற்குள் அவர் ஏறி ஸ்டார்ட் பண்ணிவிட்டார். கேற்றடி வரைதான் போயிருப்பார். முழங்கால் இரண்டும் ஹேண்டிலில் இடித்தன. திருப்பப் பார்த்தார், முடியவில்லை. நிறுத்தினார். இறங்கினார். சீட்டைப் பார்த்தார். உள்ளங்கையை வைத்து அமத்தினார். ஒடுங்கிய முன்பக்கத்தை விரலால் தடவினார். ஹேண்டிலுக்கு அடியில் குனிந்து, அந்த இரும்பு இல்லை என்பதையும் பார்த்தார். இரும்புக் கடையில் வேலை செய்கிறவரிடம் எதையும் மறைக்க ஏலாது.

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். நான் வாசலில் நின்றேன்.

“இதில எனக்கு இரிக்க ஏலாதே” என்றார்.

“ஓம்” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்ததை, கடையில் கத்தியதை, ராத்தாவை, சுவருக்கு மேலால் போன அளவுகளை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் திருப்பி ஏச என்னிடமும் நிறைய இருந்தது.

அவர் ஏசவில்லை. கேள்வி ஒன்றுதான் கேட்டார்.

“அண்டைக்கு நீ பக்கத்திலதானே நிண்ட. நான் ஏறி இரிக்கக்க ஏன் ஒண்டும் கதைக்கல்ல?”

 வாய்க்காரியான நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முந்தானைத் தலைப்பு என் விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததைக் கொஞ்சம் பிந்தித்தான் கண்டேன். எத்தனை வீட்டில் பார்த்த விரல் அது. எத்தனை பெண்களை அதற்காக ஏசியிருக்கிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் யார் சொல்வது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அவர் காத்திருந்தார். அவசரப்படவில்லை.

“வெக்கமா இரிந்திச்சு மச்சான்.”

“ஒனக்கா?” என்றார். கேலியாக இல்லை.

“ஓம். எனக்குத்தான்.”

அவர் திறப்பை என் கையில் வைத்தார். சாரனை ஒரு தரம் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பேரீச்சம்பழம் வாங்க நடந்தே போனார். அவர் சந்தி திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். அவ்வளவு நேரம் நான் ஓர் இடத்தில் நின்றதை உம்மா பார்த்திருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.